கார்பன் காசும் நம்ம களையெடுப்பும்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)

நான் பத்தாவது வரைதான் படித்தவள். தப்பு இருந்தால் பொறுத்துக்கோங்க.

போன நவரைப் பட்டத்தில் ஒரு கம்பெனிக்காரங்க எங்க ஊருக்கு வந்தாங்க. நெல் வயலில் எப்பவும் தண்ணி கட்டி வைக்காதீங்க, காயவிட்டுப் பாய்ச்சுங்க, அதுக்குக் கார்பன் கிரெடிட் காசு வரும்னாங்க. ஓட்டை போட்ட ஒரு குழாயை வயலில் புதைக்கணும். தண்ணி மண்ணுக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கின பிறகுதான் மறுபடி பாய்ச்சணும். ஒற்றை நாற்று நடவுக்கு வேளாண்மைத் துறை சொல்லிக்கொடுத்த காய்ச்சலும் பாய்ச்சலும்தான் இது.

நமக்குக் கிரெடிட் என்றால் கடன். இது கடன் இல்லை. தண்ணி நிற்கிற சேற்றிலிருந்து மீத்தேன் என்ற வாயு கிளம்பி பூமியைச் சூடாக்குது. வயலைக் காயவிட்டால் அது குறையும். குறைந்தது ஒரு டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமானால் ஒரு கிரெடிட். புகை விடுற பெரிய கம்பெனிகள் அதை விலைக்கு வாங்குது. ஒரு ஏக்கரில் பெரிசா ஒன்றும் தேறாது, அதனால்தான் ஊர் ஊராக ஆள் சேர்க்கிறாங்க.

தண்ணி மிச்சம், மோட்டார் ஓட்டம் மிச்சம். நல்லதுதான். ஆனா தண்ணி நின்றால் அமுங்கிக் கிடக்கிற களை, காய்ந்தால் குபுகுபுன்னு முளைக்குது. இரண்டு களை எடுத்த வயலில் மூன்று எடுத்தோம். குனிந்தது யார்? நானும் என் நாத்தனாரும். பட்டா மாமனார் பேரில், காசு போகப்போறது அவர் கணக்குக்கு. ஒப்பந்தம் முழுக்க இங்கிலீஷ். என் பொண்ணு எழுத்துக்கூட்டிப் படித்ததில்தான் அது பல வருஷத்துக்கு என்றே தெரிந்தது. களை எடுக்கிறவளுக்கு இதில் எந்தக் கட்டம் தம்பின்னு கேட்டேன். அது உங்க வீட்டு விஷயம் அக்கான்னு சிரிச்சார்.

தான்சானியாவில் 1999-ல் தொடங்கின டிஸ்ட் என்ற மரம் நடும் கார்பன் திட்டம் தமிழ்நாட்டுக்கும் வந்தது. அதில் விவசாயிகள் நம்மளை மாதிரி சின்னக் குழுவாகத்தான் சேரணும். அப்போ குழுவுக்குக் கணக்கு வைக்க முடியாதுன்னு யாரும் சொல்ல முடியாது.

எங்க குழுவில் தீர்மானம் எழுதிட்டோம். இந்த மாதிரி எந்தப் பத்திரம் வந்தாலும், கையெழுத்துக்கு முன்னாடி கூட்டத்தில் தமிழில் வாசிக்கணும். மூன்றாம் களைக்குத் தனிக் கூலி வேணும்.

கார்பன் காசு இன்னும் வரலை. மூன்றாம் களைக்கு என் வீட்டுக்காரர் பாதிக் கூலி கொடுத்திருக்கார். மீதியை நோட்டில் பாக்கின்னு எழுதி வச்சிருக்கேன்.