தாத்தாவின் தைலமும் பேரனின் கையும்



நம் சங்கரன்கோவில் பக்கம் தறியிலும் காட்டிலும் உழைத்துத் தேய்ந்த பெரியவர்கள், "கால் உளையுது தாயி, கொஞ்சம் தைலம் தேய்ச்சு விடு" என்று கேட்பார்கள். மறுக்காதீர்கள். தைலத்தின் வாசமும் உங்கள் கைச்சூடும் அவர்களுக்கு ஆறுதல். நாலைந்து சொட்டு நீலகிரித் தைலத்தை ஒரு கரண்டி தேங்காயெண்ணெயில் கலந்து, மெல்லத் தேய்த்து விடுங்கள். வயதானவர்களின் தோல் மெலிந்தது. புண் மேல் தடவாதீங்க. தைலம் வலிக்கு ஆறுதல்தான். பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை நிறுத்தக் கூடாது.

தேய்த்த பிறகு பாட்டிலை எங்கே வைக்கிறீங்க? தாத்தாவின் தலைமாட்டிலா? அங்கேதானே பேரனும் விளையாடுகிறான்! ஒரு தேக்கரண்டித் தைலம் உள்ளே போனாலே சிறு குழந்தைக்கு வலிப்பு வரலாம், நினைவு தப்பலாம். சூடமும் அப்படித்தான். சளிக்கென்று கைக்குழந்தையின் மூக்கில் தைலம் தடவுவதும் ஆபத்து.

குழந்தை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீங்க. உடனே 108-க்குப் போன் செய்யுங்கள்; பாட்டிலையும் கையோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வாங்க.

படுக்கையில் கிடக்கும் பெரியவர்களை, 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து கவனிக்கிறார்கள். உங்கள் ஊர் நர்ஸம்மாவிடம் கேளுங்கள்.

பெரியவருக்குத் தைலம் தேய்ப்போம்; பாட்டிலைப் பூட்டி வைப்போம்.