கொம்பு முன்னே, ஒலி பின்னே



“இரண்டாம் வகுப்பு வந்தும் வாசிக்கிறானில்லை, மூளையில் ஏதும் குறையோ டொக்டர்?” உட்துறைமுகப் பக்கத்துத் தாய்மார் கிளினிக்கில் கேட்பது இது. முதலில் காதையும் கண்ணையும் பார்ப்பேன். அவை சரியென்றால், பிள்ளை சுமக்கும் பாரத்தைச் சொல்வேன். தமிழில் 247 எழுத்து. ‘கெ’ என்பதில் வாயில் பின்னால் வரும் ஒலிக்குக் கொம்பு முன்னால் நிற்கிறது. ‘கொ’வுக்கோ இரண்டு பக்கமும் குறி. எங்களுக்கு மறந்துபோன கஷ்டம்! தமிழைப் போலவே உயிர்மெய் அமைப்புள்ள கன்னட எழுத்தைப் பிள்ளைகள் பழகுவதை ஆராய்ந்து சொனாலி நாக் 2007இல் எழுதினார்: அது முதலிரு வகுப்புகளோடு முடிவதில்லை. ஆறு வயதில் ‘மந்தம்’ என்று பெயர் வைப்பது அநியாயம். அதற்காகச் சும்மா இருக்கவும் சொல்லவில்லை. க, ச, ட கூடப் பிடிபடாத பிள்ளையை இப்பொழுதே கூட்டி வாருங்கள். கொப்பியையும் கொண்டு வாருங்கள்.