பணத்தின் புதிய பரிபாஷை



1934-ஆம் ஆண்டில் திருநெல்வேலியில் தோன்றிய சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம், பள்ளிப் பிள்ளைகளுக்குச் சாஸ்திர பாடங்களைத் தமிழிலேயே நடத்த வேண்டுமானால் அதற்குரிய சொற்களை முதலில் திரட்டித் தரவேண்டும் என்று துணிந்து, 1936-இல் சுவாமி விபுலானந்தரின் தலைமையில் சென்னையில் ஒரு சொல்லாக்க மாநாட்டைக் கூட்டி, துறைதோறும் வல்லவர்களைத் தேடி அமர்த்தி, 1938-இல் ‘கலைச்சொற்கள்’ என்ற தொகுதியை வெளியிட்டது. இ. மு. சுப்பிரமணிய பிள்ளையைப் போன்றவர்கள் அந்தப் பாரத்தைச் சுமந்தார்கள். அவர்களுக்கு நேர்ந்த சங்கடம், பொருள் வகுப்பறைக்கு வந்துவிட்டது, அதைச் சொல்லத் தமிழில் சொல் இல்லை என்பது. பணத்தைப் பற்றிய இன்றைய புதுச் சொற்களைக் கற்பிக்கப் புகும் உபாத்தியாயருக்கு நேர்வதோ அதற்கு நேர்மாறான சங்கடம்.

பாளையங்கோட்டையிலோ அம்பாசமுத்திரத்திலோ ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் பிள்ளைக்கு ஓடிபி, க்யூஆர் கோடு, வாலெட், கேஷ்பேக், ஈஎம்ஐ ஆகிய எல்லாம் நாக்கில் சரளமாகப் புரளுகின்றன. அம்மாவின் கைபேசியோடு பலசரக்குக் கடைக்குப் போய், “ஜிபே பண்ணிட்டேன் அண்ணாச்சி” என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு வருகிற அந்தப் பிள்ளையை நிறுத்தி, பணம் எங்கிருந்து புறப்பட்டது, யார் கையில் போய்ச் சேர்ந்தது, நடுவில் நின்றவர் யார் என்று கேட்டால் மாத்திரம் பதில் வராது. இவற்றுக்கெல்லாம் தமிழ்ப் பெயர் இட்டே தீரவேண்டுமா என்ற விவாதம் ஒரு பக்கம் நடக்கிறது, நடக்கட்டும். தமிழக அரசின் ‘சொற்குவை’ இணையத்தளம் அத்தகைய சொற்களைச் சேர்த்து வைத்திருக்கிறது. கடைத்தெருவில் வழங்கும் சொல்லை வாயால் சொல்லி, தமிழ்ச் சொல்லைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, அவ்விரண்டும் குறிக்கும் காரியத்துக்கு விரைந்து போவதே உசிதம் என்பது என் அபிப்பிராயம்.

அந்தக் காரியத்தை நம் ஊர் வியாபார வழக்கத்திலிருந்தே தொடங்கலாம். கல்லிடைக்குறிச்சியின் லேவாதேவிக் குடும்பங்கள் பேர்பெற்று விளங்கிய காலத்தில், ரொக்கத்தை மூட்டை கட்டித் தூக்கிச் செல்லும் அபாயத்தைத் தவிர்ப்பதற்காக வியாபாரிகள் உண்டியல் என்னும் மாற்றுச் சீட்டை எழுதினார்கள். எழுதுகிறவர், கொடுக்க வேண்டியவர், பெறவேண்டியவர் என்று மூன்று பெயர்களைப் பலகையில் எழுதி, அம்புக்குறி இட்டுக் காட்டினால் எட்டாம் வகுப்புக்கும் அது விளங்கும். பிறகு, இந்தியத் தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் 2016-இல் தொடங்கிய யூபிஐ முறையை அதன் பக்கத்திலேயே வரையலாம். பத்தமடையில் ஒருவர் பாய் வாங்கிவிட்டுக் கைபேசியில் பணம் செலுத்தும்போது, அவருடைய வங்கிக் கணக்கில் பற்று விழுந்து, பாய்க்கடைக்காரரின் வங்கிக் கணக்கில் வரவு ஏறுகிறதே தவிர, இடையிலுள்ள செயலி ஒரு பைசாவையும் தன்னிடம் வைத்துக்கொள்வதில்லை. உத்தரவைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஏவலாள் அது. “ஜிபேயில எவ்வளவு இருக்கு?” என்று வீட்டில் கேட்கிறோமே, அங்கே ஒன்றும் இல்லை, இருப்பதெல்லாம் வங்கியில்தான். வாலெட்டின் சங்கதியோ முற்றிலும் வேறு. வங்கியல்லாத ஒரு நிறுவனத்தின் வாலெட்டில் நாம் முன்கூட்டியே பணத்தைச் செலுத்தி வைக்கிறோம். அதற்கு வட்டி கிடையாது, ஒரு வங்கியில் ஒரு நபரின் வைப்புக்கு 5 லட்சம் ரூபாய் வரையில் உள்ள காப்புறுதியும் அதற்குக் கிடையாது. கைபேசித் திரையில் ஒரே மாதிரியாகத் தோன்றும் இரண்டு பொத்தான்களுக்குள் இத்தனை பேதம் அடங்கியிருப்பதைக் கண்டுகொள்ளும் மாணவனுக்கு, அப்புறம் நிர்வசனத்தை மனப்பாடம் செய்யும் அவசியம் இராது.

சில சொற்களோ உறவை மறைப்பதற்கென்றே வந்தவை போலத் தோன்றுகின்றன. திருநெல்வேலி ஜங்ஷனில் முதுகில் உணவுப் பெட்டியைச் சுமந்துகொண்டு மோட்டார் சைக்கிளில் பறக்கும் இளைஞனை, அவனை வேலை ஏவும் நிறுவனம் ‘பார்ட்னர்’, அதாவது கூட்டாளி என்கிறது. 1932-ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டமோ, லாபத்தைப் பகிர்ந்துகொள்ள உடன்பட்டவர்களையே கூட்டாளிகள் என்று சொல்கிறது. இவனுக்கு நிறுவனத்தின் லாபத்தில் பங்கு உண்டா? பெட்ரோல் யார் செலவு? வண்டி பழுதானால் யார் பார்ப்பார்கள்? 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு இத்தகையவர்களைத் தொழிலாளர் என்ற பெயராலேயே குறிக்கிறது. தமிழக அரசு 2023-இல் இவர்களுக்கென்று தனியாக ஒரு நல வாரியத்தையும் அமைத்தது. ஒரே மனிதனுக்கு இரண்டு பெயர்கள் இருப்பதைக் காட்டி, எந்தப் பெயரால் யாருக்கு ஆதாயம் என்று கேட்டுவிட்டால், வகுப்பு தானாகவே பேசத் தொடங்கும். பல பிள்ளைகளின் அண்ணன்மார் அந்த வண்டியில்தான் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

மோசடியைப் பற்றி நீட்டிப் பேச இங்கே இடமில்லை. ‘பின்’ என்னும் ரகசிய எண் பணம் கொடுப்பதற்கே வேண்டும், வாங்குவதற்கு வேண்டியதில்லை என்பதையும், பணம் பறிபோனால் தாமதியாமல் 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும் என்பதையும் பாடத்தின் முதல் நாளிலேயே சொல்லிவிடலாம்.

நம் எட்டாம் வகுப்புச் சமூக அறிவியல் நூலில் பணம், சேமிப்பு, முதலீடு பற்றிய பாடம் இருக்கிறது. பத்தாம் வகுப்பில் சரக்கு மற்றும் சேவை வரி வருகிறது. 10 வயது நிரம்பிய பிள்ளைகள், வங்கி விதிக்கும் வரம்புக்கு உட்பட்டுத் தம் சேமிப்புக் கணக்கைத் தாமே நடத்தலாம் என்று ரிசர்வ் வங்கி 2025-இல் அனுமதித்தும் விட்டது. ஆகவே, ‘மின்னணுப் பணம் என்றால் என்ன?’ என்ற பழைய வினாவை விட்டுவிட்டு, ஒரு வங்கிக் கணக்கின் இருப்பையும் ஒரு வாலெட்டின் இருப்பையும் அருகருகே அச்சிட்டு, அந்த வங்கியும் அந்த நிறுவனமும் நாளைக்கு மூடப்பட்டால் எந்தப் பணத்தை யாரிடம் போய்க் கேட்பாய் என்று ஐந்து மதிப்பெண்ணுக்கு வினவிப் பார்க்கலாம். விடைத்தாள் திருத்துகிறவர்களுக்குச் சிரமம் சற்றுக் கூடும். அதற்கு வேறு வழியும் எனக்குத் தோன்றவில்லை.