கிளை வழி
(போடிநாயக்கனூரில் மகாவீரர் ஜயந்தி விழாவில் ஆற்றிய உரை)



ஏலமும் இலவம்பஞ்சும் மாம்பழமும் இவ்வூருக்குப் புகழ் தந்தவை. இம்மலைத்தொடரின் மரங்களை நம்பிப் பிறந்த ஓர் உயிரைப் பற்றி இன்று பேச விழைகின்றேன். சாம்பல் நிற மலை அணில் அது. நரை அணில் என்றும் வழங்குவர். நம் முற்றத்தில் ஓடும் வரி அணிலை எண்ணிக்கொள்ளாதீர்கள். இஃது இரண்டு கிலோ வரை எடையுள்ளது. உடலின் நீளத்திற்குக் குறையாத வாலுடையது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் அன்றி உலகில் வேறெங்கும் இல்லை.

திருவில்லிபுத்தூர் மலையில் 1988ஆம் ஆண்டு இதன் பெயராலேயே ஒரு சரணாலயம் அமைந்தது. 2021இல் அது மேகமலையுடன் இணைந்து புலிகள் காப்பகமாயிற்று. அணிலுக்கென்று காத்த காடு புலிக்கும் அரணானது எனக்குப் பெருமகிழ்ச்சி. வடக்கே சின்னாற்றிலும் பழனி மலையிலும் இவ்வணில் உண்டு. இவற்றிற்கு இடையில் இருப்பது நம் போடி மலைச்சரிவு.

இது நிலத்தில் இறங்க அஞ்சும். கிளையொடு கிளை கோத்து நிற்கும் மரங்களில், சுள்ளியும் இலையும் கொண்டு கூடு கட்டும். கழுகு வந்தால் அடுத்த மரத்திற்குத் தாவ வேண்டுமே! ஆற்றோரக் காடுகளும் புளி, மா நின்ற தோப்புகளும் இதற்கு ஏற்றவை.

கொல்லாமை நோன்புடைய நம்மில் எவரும் இதன்மேல் கவண் எறியமாட்டோம். வேட்டையாடுவோரைத் தண்டிக்கச் சட்டம் உண்டு. ஆனால், வரிசையாய் நிற்கும் நான்கு புளியமரங்களுள் நடுவே ஒன்றை வெட்டினால் அணிலின் வழியே அறுந்துபோகின்றது. தரையில் இறங்கினால் நாய். சாலையில் இறங்கினால் வண்டி. கொச்சி–தனுஷ்கோடி நெடுஞ்சாலை போடிமெட்டு வழியாகத்தானே ஏறுகின்றது! மரத்தை விற்றவருக்கோ, தாம் ஓர் உயிருக்கு ஊறு செய்தோம் என்ற நினைவே இராது. வேட்டையினும் இதற்கே நான் மிகவும் அஞ்சுகின்றேன்.

மேலே ஏலத்தோட்டங்களிலும் இதே நிலைதான். அங்கு வாழ்வது இதன் இனமாகிய மலபார் மலை அணில். மழைக்குமுன் நிழல்மரங்களின் கிளை கழிப்பது வழக்கம்; ஏலச்செடிக்கு ஒளி வேண்டும், அதனைக் குறை கூறேன். ஆயினும், மரத்திற்கு ஒரு கிளையாவது அண்டை மரத்தைத் தொடுமாறு விட்டுவைப்பதில் நட்டம் பெரிதன்று. வால்பாறையில் சிங்கவால் குரங்குகள் கடப்பதற்குச் சாலையின் மேலே பாலம் கட்டியிருக்கிறார்கள். இங்கே அத்துணைச் செலவும் வேண்டா. இருக்கும் கிளையை வெட்டாதிருந்தால் போதும்.

அடிவாரத்தில் தோப்புடையோர் சிலர் இவ்வவையில் இருக்கின்றீர்கள். மரவியாபாரி விலை பேச வரும்போது, ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். கிளைக்கவட்டில் கூடு தெரிகின்றதா, அம்மரத்தின் கிளை எம்மரத்தைத் தொடுகின்றது என்று பார்த்தபின் விடை சொல்லுங்கள். கூடு வெறுமையாய்த் தோன்றினும் கைவிடப்பட்டது என்று கொள்ளாதீர்கள். ஓர் அணிலுக்கே பல கூடுகள் உண்டு. அன்றைக்கு அது அடுத்த மரத்தில் இருக்கும்.