விருந்தும் இன்சுலினும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இக்கரையோரத்தில் பண்டிகை என்றால் பகிர்ந்துண்பதே முதற் கடமை. நோன்புப் பெருநாளில் பாலமுனை வீடுகளில் அவிந்த வட்டிலப்பத்தில் ஒரு பங்கு நம் வீடு தேடி வரும். தைப்பொங்கலன்று நமது பொங்கல் அங்கே போகும். இந்த நல்ல வழக்கத்தின் நடுவே, சீனி வருத்தம் உள்ள ஒரு பிள்ளைக்கு நாம் என்ன இடம் கொடுத்திருக்கிறோம்? அதுவே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விடயம்.

வயது சென்றபின் பெரும்பாலும் வரும் நீரிழிவைப் பற்றி இங்கே பேசவில்லை. சிறு வயதிலேயே வரக்கூடிய முதலாம் வகை நீரிழிவைப் பற்றியே பேசுகிறோம். இதில் கணையத்திலே இன்சுலின் சுரக்கும் கலங்களை உடலின் காப்புச் சக்தியே அழித்துவிடுகிறது. "இனிப்பை அள்ளித் தின்றதால் வந்தது" என்று பிள்ளையையோ தாயையோ குறை கூறுவது அறியாமை.

இன்சுலின் வருவதற்கு முன் இந்நோய் கண்ட குழந்தைக்கு வைத்தியர்கள் கொடுத்த சிகிச்சை பட்டினியே. அது சாவைச் சில காலம் தள்ளிவைத்ததேயன்றித் தடுக்கவில்லை. 1921இல் கனடாவின் ரொறன்ரோ நகரில் பிரெடெரிக் பான்டிங், சாள்ஸ் பெஸ்ட் என்போர் இன்சுலினைப் பிரித்தெடுத்தனர். 1922 ஜனவரி 11இல் லெனாட் தொம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு அது முதன்முதல் ஏற்றப்பட்டது. முதல் மருந்து தூய்மை குறைந்திருந்தது. ஜேம்ஸ் கொலிப் தூய்மைப்படுத்திய மருந்து அதே மாதம் 23ஆந் திகதி ஏற்றப்பட்டபோது சிறுவன் தேறினான். பட்டினிப் பிள்ளைகள் பந்திக்குத் திரும்பியது அன்றுதான்.

இன்சுலின் பம்பு பிற்காலத்தது. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்க வைத்தியர் ஆணல்ட் காடிஷ் அமைத்த பம்பு முதுகில் சுமக்கும் மூட்டையளவு பெரியது. 1978இல் இலண்டன் கைஸ் மருத்துவமனை வைத்தியர்கள், உடலோடு அணியத்தக்க சிறு பம்பினால் கண்ட பலனை வெளியிட்டனர். இன்று அது இடுப்பில் செருகத்தக்க சிறு கருவி. தோலின் கீழ் வைத்த மெல்லிய குழாய் வழியே சிறிது சிறிதாக இன்சுலினைச் செலுத்திக்கொண்டேயிருக்கும். உண்ணும் வேளைக்குரிய அளவை அணிந்திருப்பவர் கணக்கிட்டுச் சேர்ப்பார். விலையோ பெரிது, எல்லா வீடுகளுக்கும் எட்டாது. ஆயினும் ஊசி போடுபவருக்கும் உணவுக் கணக்கு இதுவே.

அக்கணக்கு எத்தகையது? பள்ளிப் பாடத்தில் காபோவைதரேற்று என்று படித்தோமே, அதன் அளவே அடிப்படை. ஒரு கோப்பைச் சோற்றில் சுமார் 45 கிராம் உண்டு. 10 கிராமுக்கு 1 அலகு என வைத்தியர் ஒருவருக்கு வகுத்திருந்தால், அச்சோற்றுக்கு நாலரை அலகு வேண்டும். இவ்வளவு ஆளுக்கு ஆள் மாறும். ஒருவர் கணக்கை மற்றவர் கைக்கொள்ளலாகாது.

விருந்தில் இக்கணக்கு எங்கே தவறுகிறது? சஹனில் பலர் கூடியுண்ணும்போது தாம் உண்ட சோறு எவ்வளவு என்பது தெரியாது. தம் பங்கைக் கோப்பையால் அளந்து தனித் தட்டில் இட்டு, அதே பந்தியில் அமரலாம். புரியாணியும் வட்டிலப்பமும் கொழுப்பு நிறைந்தவை; இரத்தத்தில் சீனி பிந்தி ஏறும். அதற்கேற்ப ஒரு பகுதியை உடனும் மீதியை இரண்டொரு மணி நேரத்திலுமாகச் செலுத்தும் வசதி பல பம்புகளில் உண்டு. "இதோ சோறு வருகிறது" என்று சொல்லி ஒரு மணி நேரம் காக்க வைத்தால், முன்னரே செலுத்திய இன்சுலின் ஆபத்தாக முடியும்.

கை நடுங்கி, வியர்த்து, பேச்சுக் குழம்பினால் சீனி இறங்கிவிட்டது என்று அறிக. இரத்தத்தில் 70 மில்லிகிராமுக்குக் குறைந்தால், 15 கிராம் சீனி, அதாவது மூன்று நான்கு தேக்கரண்டி, நீரில் கரைத்துக் கொடுத்து 15 நிமிடத்தில் மீண்டும் சோதிக்கவேண்டும். அவ்வேளை வட்டிலப்பம் கைகொடாது. அதன் கொழுப்புச் சீனியைத் தாமதிக்கும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்கு விரைக. பம்பின் குழாய் அடைபட்டாலோ வேறு ஆபத்து: சில மணி நேரத்தில் இரத்தம் அமிலமாகத் தொடங்கும். ஆகவே ஊசியும் இன்சுலினும் எப்போதும் கைவசம் இருத்தல் வேண்டும்.

இவை யாவும் கற்றுக்கொள்ளக்கூடியவை. கற்பதற்கரிய பாடம் நம் உறவினருடையது. ஒரு மாமி, "எனக்காக இன்னும் ஒரு கரண்டி" என்பார், மற்றொரு மாமி, "ஐயோ, இதை நீ தொடலாமா?" என்பார். இருவரும் அன்பினாலேயே சொல்கின்றனர். இடையிலே அகப்பட்ட பிள்ளை, சபை நடுவே பம்பை எடுக்க நாணி, இன்சுலின் செலுத்தாமலே உண்டுவிடுகிறது. பெண் பிள்ளையாயின், "மணப்பேச்சு நடக்கும் வீடு, எவர் கண்ணிலும் படாதே" என்ற கட்டளையும் சேர்கிறது. சேலைக்குள் மறைத்த கருவி எச்சரிக்கை ஒலி எழுப்பினால் அவள் அதை அடக்கிவிடுவாள். நம் குடும்ப மானத்துக்கு அப்பெண்ணின் உயிரை ஈடு வைப்பது எந்த நியாயம்?

பெரியோர்களே! உங்களிடம் வேண்டுவது மூன்று. உணவில் என்ன சேர்ந்தது, எவ்வளவு என்று கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். சொன்ன நேரத்துக்குப் பரிமாறுங்கள். வேண்டாமென்றால் வற்புறுத்தாதீர்கள், வேண்டுமென்றால் தடுக்காதீர்கள். கந்தசஷ்டி விரதமாயினும் ரமழான் நோன்பாயினும் வைத்தியரைக் கேட்டே முடிவு செய்யட்டும்; நோயாளிக்கு விலக்கு அங்கேயும் உண்டு, இங்கேயும் உண்டு.

இளைஞர்களே! பந்தியில் உங்கள் அருகே ஒருவர் பம்பை எடுத்துக் கணக்கிட்டால் கண் கொட்டாமல் பார்க்காதீர்கள், கிசுகிசுக்காதீர்கள். மூக்குக்கண்ணாடியைத் துடைப்பவரை நாம் அப்படிப் பார்ப்பதில்லையே! பான்டிங்கும் அவர் தோழர்களும் அப்பிள்ளைகளைப் பந்திக்கு மீட்டுத் தந்தார்கள். அங்கே அவர்கள் தலை நிமிர்ந்து உண்ண இடம் விடுவது நம் கையில் இருக்கிறது.