தடிப்பைப் பார்த்து நாசிலைத் தேர்ந்திடுவோம்

தோட்டத்துப் பிள்ளைகள் பலர் செம்பனை ஆலைகளிலும், கட்டுமானத் தளங்களிலும், கப்பல் பட்டறைகளிலும் இரும்பு வெட்டும் வேலைக்குப் போகிறார்கள். அவ்வேலையில் தவறு நேர்ந்தால் கெடுவது இரும்பு மட்டுமன்று. கையும் கண்ணும், சில வேளை உயிருமே போய்விடும். ஆகவே, பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்தே இதனைத் தெரிந்துகொள்வோம்.

தீச்சுடர் இரும்பை உருக்கி வெட்டுகிறது என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மை அதுவன்று. அசெட்டிலின் சுடர் இரும்பை ஏறத்தாழ 900 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்குகிறது. இரும்பு செக்கச் சிவந்ததும் டார்ச்சின் லீவரை அழுத்துகிறோம். நாசிலின் நடுத்துளை வழியாகத் தூய ஆக்சிஜன் பாய்கிறது. அதில் இரும்பே எரிகிறது. எரிந்த கசட்டை அதே ஆக்சிஜன் கீழே தள்ளிவிடுகிறது. ஆக, வெட்டுவது ஆக்சிஜனே.

எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும்? அதை முடிவு செய்வது இரும்பின் தடிப்பு. வழக்கத்திலுள்ள ஒருவகை அசெட்டிலின் நாசிலை எடுத்துக்கொள்வோம். 6 மில்லிமீட்டர் தகட்டுக்கு 1/32 அங்குலத் துளையும், சதுர அங்குலத்துக்குச் சுமார் 25 பவுண்டு ஆக்சிஜன் அழுத்தமும் போதும். 12 மில்லிமீட்டருக்கு 3/64 அங்குலம், 30 பவுண்டு. 25 மில்லிமீட்டருக்கு 1/16 அங்குலம், 40 பவுண்டு. அசெட்டிலினுக்கு இம்மூன்றிலும் 2 பவுண்டே போதும். நாசிலுக்கு நாசில் கணக்கு மாறுவதால், அதைச் செய்தவர்கள் தரும் அட்டவணையைப் பார்ப்பதே முறை. லீவரை அழுத்தி ஆக்சிஜன் பாயும்போதுதான் ரெகுலேட்டரைச் சரிசெய்ய வேண்டும்.

மரம் சீவிய நம் பெரியவர்களுக்கு இது விளங்கும். கத்தி மேலோடினால் பால் வராது. ஆழமாய்ப் போனால் மரத்தில் காயம். இங்கும் அப்படியே. சிறிய நாசிலை மாட்டி அழுத்தத்தை ஏற்றினால் வேலை நடந்துவிடாது. ஆக்சிஜன் நேராகப் பாயாமல் சிதறும், வெட்டிய முகம் குழிந்துபோகும், காசும் வீணாகும். தீப்பொறி அடிப்பக்கம் நேராகக் கொட்டினால், வெட்டு நன்றாக இறங்குகிறது என்று அறியலாம்.

இனி, உயிரைக் காக்கும் செய்திகள். அசெட்டிலினை 15 பவுண்டுக்கு மேல் ஒருபோதும் ஏற்றக் கூடாது. காற்றோ தீயோ சேராமலே அது வெடித்துவிடக் கூடும். சமையல் எரிவாயுவைக் கொண்டு வெட்டுவதானால் அதற்கென்று உள்ள நாசிலையே மாட்ட வேண்டும். இரண்டையும் மாற்றிப் போடக் கூடாது. ஆக்சிஜன் ரெகுலேட்டரில் எண்ணெயோ கிரீசோ படக் கூடாது, பட்டால் தீப்பற்றும். தீ குழாய்க்குள் திரும்பாமல் தடுக்கும் கருவி இரு குழாய்களிலும் இருக்க வேண்டும். கறுப்புக் கண்ணாடி இல்லாமல் சுடரைப் பார்க்கவே கூடாது.

அவசரப்படுத்தும் மேலாளுக்காக நாம் அழுத்தத்தை ஏற்ற வேண்டாம். சரியான நாசிலை மாற்ற ஐந்து நிமிடம்கூட ஆகாது. வேலைக்குக் கிளம்பும் பிள்ளையிடம், "சாப்பாடு எடுத்துக்கொண்டாயா?" என்று கேட்கும் தாய்மார்கள், "அட்டவணையைப் பார்த்து வெட்டப்பா" என்றும் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள்.