உப்புநீரின் எடைக்கணக்கு



மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்திக்கொண்டு, ரயில்வேயில் சரக்குக் கணக்கு எழுதும் யாம் விஞ்ஞானம் பேச முற்பட்டது துணிவே. ஆயினும் இஃது எடையைப் பற்றிய செய்தி. எடை எமது தொழில்.

கடலோரக் கிணறு உப்பாகிவிட்டால் யாரைக் குறை சொல்வது? கடல் உட்புகுந்ததா, நிலத்து உப்புக் கரைந்ததா, வெயிலில் நீர் வற்றி உப்பு மிஞ்சிற்றா? நாவுக்கு மூன்றும் ஒன்றே. நீரிலோ சாட்சி உண்டு. பிராணவாயு அணுக்களில் பெரும்பாலானவற்றின் நிறை எண் 16. ஆயிரத்தில் ஏறத்தாழ இரண்டுக்கு மட்டும் 18. இவை சிதையாத, நிலையான ஐசோடோப்புகள். நீர் ஆவியாகும்போது இலேசானது முந்துகிறது, கனத்தது பின்தங்குகிறது. உப்புக் கரைவதால் இந்த விகிதம் மாறுவதில்லை. கடல் கலந்தால் விகிதம் கடலை நோக்கி நகரும். ஹைட்ரஜனின் கனத்த அணுவையும் உடன் அளந்தால், கடலையும் வெயிலையும் பெரும்பாலும் பிரித்தறியலாம்.

பிராணவாயுவை அளக்கும் முறை ஒன்றை 1953-இல் எப்ஸ்டைன், மயேடா என்னும் இருவர் வெளியிட்டனர். நீரோடு கரியமிலவாயுவை அடைத்து மாறாத வெப்பநிலையில் வைத்தால், இரண்டும் பிராணவாயுவைப் பண்டமாற்றுச் செய்துகொள்ளும். பின்னர் அவ்வாயுவைக் கருவியில் இட்டு அளப்பர். நன்னீருக்கு இது நேர்மையான தராசு. உப்பு மிகுந்தால்தான் வழக்கு! கரைந்த மக்னீஷியம் தன்னைச் சுற்றி நீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அதிலும் கனத்த பிராணவாயு உள்ள நீரையே விரும்பிப் பிடிக்கிறது. வாயுவோ வெளியே நிற்கும் நீரையே கணக்கில் கொள்ளும். கிடங்கில் பூட்டிய மூட்டைகளை விட்டுவிட்டு, பிளாட்பாரத்தில் கிடப்பவற்றை மட்டும் எடைபோட்ட கதைதான். மக்னீஷியம் மலிந்த சாக்கடலில், இவ்வாறு காணும் அளவு மெய்யளவினும் குறைந்துவிடும். 1972-இல் சோஃபர், காட் என்போர் இதற்குத் திருத்தம் வகுத்தனர்: ஒரு கிலோ நீரில் 24 கிராம் அளவு மக்னீஷியம் இருந்தால், ஆயிரத்துக்கு 1.11 கூட்டவேண்டும்.

களிமண்ணைப் பிழிந்தெடுக்கும் நீர் சில துளிகளே. வடித்து உப்பை நீக்கலாம். ஆனால் முற்றும் வடிக்கவேண்டும். அடியில் சிறிது தங்கினாலும், தங்குவதில் கனத்த நீரே மிகுதி, கணக்குக் கெட்டது. மறுமுறை செய்ய நீரும் இராது. இந்நாளைய லேசர் கருவிகளுக்கு ஒரு தடவைக்கு ஒரு மைக்ரோலிட்டர் அளவு போதும். ஒரு துளியில் ஏறக்குறைய ஐம்பதில் ஒரு பங்கு. அங்கும் தொல்லை உப்பே. நீர் ஆவியாகச் சென்றபின் அது சூடான அறையில் படிந்து, அடுத்து வரும் நீரின் அளவையும் கெடுக்கும். ஆகவே இடையிடையே துப்புரவு செய்து, விகிதம் தெரிந்த நீரை இட்டுச் சரிபார்ப்பர். எடைமேடையை யாம் படிக்கல் வைத்துச் சோதிப்பதும் இதற்காகவே.

விடுமுறையில் ஊர் செல்லும் அன்பர் எவரேனும் கிணற்றுநீரைச் சோதனைக்குக் கொண்டுவர நேர்ந்தால், சிறு புட்டியாக எடுத்து விளிம்புவரை நிரப்புங்கள். இறுக மூடி, ஊரும் நாளும் எழுதுங்கள். பாதி நிரம்பிய புட்டி, தளர்ந்த மூடியோடு இரண்டு நாள் ரயிலில் வந்தால், இங்கு வந்து சேர்வது உங்கள் ஊர்க் கிணறு அன்று.